π என்னும் பெயரும் அதன் பொருள்களும்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நம்மில் பெரும்பாலோர் π என்னும் குறியை நடுநிலைப் பள்ளியில், வட்டத்தின் பரப்பளவைக் கணக்கிடும் பாடத்தில் முதன்முதலாகச் சந்திக்கிறோம். 22/7 என்று மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுகிறோம். சில ஆண்டுகளுக்குப் பின் வேதியியல் பாடத்தில் π பிணைப்பு என்று அதே குறி வருகிறது. பொருளாதாரத்தில் இலாபத்துக்கும், எண்கோட்பாட்டில் பகா எண்களின் எண்ணிக்கைக்கும், இயந்திரக் கற்றலில் ஒரு முகவர் பின்பற்றும் கொள்கைக்கும் அதே எழுத்து நிற்கிறது. இவை அனைத்துக்கும் 3.14 உடன் ஏதோ உறவு இருக்க வேண்டும் என்று எண்ணிக் குழம்புவோர் பலர். அந்தக் குழப்பம் தேவையற்றது. π என்னும் எழுத்தின் வரலாற்றை ஒருமுறை முறையாகத் தெரிந்துகொண்டால், எந்தப் பக்கத்தில் அதைக் கண்டாலும் அங்கே அது எதைக் குறிக்கிறது என்பதைச் சிறிது நேரத்தில் கண்டறிந்துவிடலாம். அதற்கான படிகளைக் கீழே வரிசையாகத் தருகிறேன். கணிதத்தில் பள்ளி அளவிலான பழக்கமும், ஒரு நூலும், ஓர் அளவுகோலும், சாதாரணக் கணிப்பானும் இருந்தால் போதும்.

முதல் படி: எழுத்தை எண்ணிலிருந்து பிரித்துப் பாருங்கள்

π என்பது அடிப்படையில் ஓர் எழுத்து. கிரேக்க நெடுங்கணக்கில் அது 16ஆவது எழுத்து. தமிழின் பகர ஒலியைத் தருவது. சிறிய வடிவம் π, பெரிய வடிவம் Π என்று அதற்கு இரண்டு வடிவங்கள் உண்டு. இவ்விரண்டும் கணிதத்தில் வெவ்வேறு வேலைகளைச் செய்கின்றன என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிரேக்கர்கள் தங்கள் எழுத்துகளைப் பினீசியர்களிடமிருந்து பெற்றார்கள். பினீசிய எழுத்தின் பெயர் ‘பே’. செமித்திய மொழிகளில் அதற்கு ‘வாய்’ என்று பொருள். எபிரேய மொழியில் அந்த எழுத்து இன்றும் அதே பெயருடன் வழங்குகிறது. கிரேக்கர்கள் ஒலியையும் வடிவத்தையும் ஏற்றுக்கொண்டபோது பெயரின் பொருள் உதிர்ந்துவிட்டது. கிரேக்கக் காதுக்கு அது வெறும் எழுத்துப் பெயர்தான். ஆகவே ‘பை என்றால் என்ன பொருள்’ என்று யாரேனும் கேட்டால், எழுத்தின் பெயர் என்ற அளவில் அதன் மிகப் பழைய பொருள் ‘வாய்’ என்பதுதான் நேர்மையான விடை. வட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கிரேக்கர்களும் இந்த எழுத்தை எண்ணாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதால் இங்கே ஒரு தவறான முடிவுக்கு வந்துவிட வாய்ப்பு உண்டு. ஏதென்சில் வழங்கிய பழைய எண்முறையில் Π என்பது 5ஐக் குறித்தது. ஐந்துக்குரிய ‘பெந்தெ’ என்னும் சொல்லின் முதலெழுத்து அது. பின்னர் பரவலான மற்றொரு முறையில் அதே எழுத்து 80ஐக் குறித்தது. வட்டத்தின் விகிதத்தை அவர்கள் ஒருபோதும் இந்த எழுத்தால் எழுதியதில்லை. ஆர்க்கிமிடீஸ் π என்று எழுதினார் என்று சில அறிமுக நூல்களில் காணப்படுவது பிற்காலத்தார் ஏற்றிச் சொன்னது.

ஒலிப்பு பற்றியும் ஒரு சொல் தேவை. ஆங்கில வழியாக வந்ததால் நாம் ‘பை’ என்கிறோம். இன்றைய கிரேக்கர்கள் ‘பி’ என்றே சொல்கிறார்கள். தமிழில் ‘பை’ என்று ஒலிப்பதே வழக்கமாகிவிட்டதால் அதை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் φ என்னும் வேறொரு கிரேக்க எழுத்து ‘ஃபை’ என்று ஒலிக்கப்படுவதையும், ஆய்தம் விடுபட்டு அச்சாகும்போது அதுவும் ‘பை’ ஆகிவிடுவதையும் கவனத்தில் கொள்ளுங்கள். பொன் விகிதமான 1.618ஐக் குறிப்பது φ. தமிழ் நூல் ஒன்றில் ‘பை’ என்று எழுத்தில் மட்டும் இருந்து, பக்கத்தில் உள்ள மதிப்பு 3.14ஆக இல்லாவிட்டால், முதலில் இந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். வட்ட விளக்கப்படத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரிலும் ‘பை’ என்ற ஒலி இருக்கிறது. அது மாவுக்குள் பழமோ இறைச்சியோ வைத்துச் சுடும் பண்டத்தின் பெயரிலிருந்து வந்தது. கிரேக்க எழுத்துக்கும் அதற்கும் உறவில்லை.

இரண்டாம் படி: பெயரை மறந்துவிட்டு எண்ணை அளந்து பாருங்கள்

பெயரின் வரலாற்றுக்குள் செல்வதற்கு முன், பெயரிடப்பட்ட பொருளைக் கையால் தொட்டுப் பார்ப்பது நல்லது. உருளை வடிவப் புட்டி ஒன்றை எடுத்து, அதைச் சுற்றி ஒரு நூலை 10 சுற்று இடைவெளியின்றிச் சுற்றுங்கள். நூலின் மொத்த நீளத்தை அளந்து 10ஆல் வகுத்தால் ஒரு சுற்றின் நீளம், அதாவது பரிதி, கிடைக்கும். ஒரே சுற்றை அளப்பதைவிட இம்முறையில் பிழை வெகுவாகக் குறையும், ஏனெனில் நூலின் முனைகளில் ஏற்படும் பிழை 10 சுற்றுகளுக்கும் பங்கிடப்படுகிறது. விட்டத்தை அளக்க, புட்டியை இரண்டு தடித்த புத்தகங்களுக்கு இடையே நெருக்கி நிறுத்தி, புத்தகங்களுக்கு இடையிலான தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பரிதியை விட்டத்தால் வகுத்தால் 3.1க்கும் 3.2க்கும் இடையில் ஓர் எண் வரும். பெரிய தட்டு, சிறிய மூடி, வாளியின் வாய் என்று எதை எடுத்தாலும் அதே எண்ணை ஒட்டித்தான் விடை அமையும்.

வட்டம் பெரிதானாலும் சிறிதானாலும் மாறாத இந்த விகிதம்தான் நாம் பேசும் எண். இதை உங்கள் கையால் ஒருமுறை வருவித்த பிறகு, அதற்கு எந்தப் பெயர் இட்டாலும் எண் மாறப்போவதில்லை என்பது தெளிவாகிவிடும். அடுத்த படிக்கு இந்தத் தெளிவு மிகவும் முக்கியம்.

மூன்றாம் படி: பெயரில்லாமல் அந்த எண் வாழ்ந்த காலத்தை அறியுங்கள்

இந்த விகிதத்தை மனிதர்கள் ஏறத்தாழ 4,000 ஆண்டுகளாகக் கணக்கிட்டு வருகிறார்கள். அதற்கு π என்று பெயரிட்டு 300 ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. இந்த இடைவெளியை உணராமல் பெயரின் தோற்றத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

எகிப்தில் கி.மு. 1650 அளவில் ஆமெஸ் என்னும் எழுத்தர் படியெடுத்த பாப்பிரசுச் சுருளில், வட்டத்தின் பரப்புக்கு, விட்டத்தில் ஒன்பதில் ஒரு பங்கைக் கழித்து மீதியை வர்க்கப்படுத்தும் விதி காணப்படுகிறது. அதிலிருந்து கிடைக்கும் மதிப்பு 256/81, அதாவது ஏறத்தாழ 3.16. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் வட்டத்துக்கு உள்ளும் புறமும் 96 பக்கங்கள் கொண்ட பலகோணங்களை வைத்து, அந்த விகிதம் 223/71ஐவிடப் பெரியது, 22/7ஐவிடச் சிறியது என்று நிறுவினார். 22/7 என்பது சரியான மதிப்பு அன்று, ஒரு மேல் எல்லை மட்டுமே என்பதை இந்த ஒரு வரியிலேயே கண்டுகொள்ளலாம்.

ஆரியபட்டர் 499இல் எழுதிய நூலில், 100உடன் 4ஐக் கூட்டி, 8ஆல் பெருக்கி, 62,000ஐச் சேர்த்தால் 20,000 விட்டமுள்ள வட்டத்தின் பரிதி தோராயமாகக் கிடைக்கும் என்றார். கணக்கிட்டால் 62,832, விகிதம் 3.1416. ‘தோராயமாக’ என்பதற்கு அவர் ‘ஆசன்ன’ என்னும் சொல்லைப் பயன்படுத்தியிருப்பது கவனிக்கத்தக்கது. கேரளத்தில் 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதை அடுத்தும் வாழ்ந்த சங்கமகிராம மாதவர் முடிவிலாத் தொடர்களின் வழியே இதைவிட வெகு தூரம் சென்றார். 9க்குப் பின் 11 சுழியங்கள் கொண்ட விட்டத்துக்கு 28,27,43,33,88,233 என்னும் பரிதியை அவர் தந்தார். அதை வகுத்து 11 தசம இடங்களுக்குச் சுருக்கினால் 3.14159265359. இந்த எண்ணை அவர் எண்ணுருக்களில் எழுதவில்லை. தேவர் என்றால் 33, கண் என்றால் 2, யானை என்றால் 8, வேதம் என்றால் 4, விண்மீன் என்றால் 27 என்று சொற்களால் கோத்து, வலமிருந்து இடமாகப் படிக்கும்படி செய்யுளாக்கினார். விகிதத்துக்குத் தனிப்பெயர் இல்லாத காலத்தில் அதை எப்படிப் பாதுகாத்தார்கள் என்பதற்கு இதைவிட அழகான சான்று எனக்குத் தெரியவில்லை.

தமிழ்க் கணக்கு மரபிலும் இதே நிலைதான். விட்டத்தை 7 கூறாக்கி, அதனுடன் 4 கூறு சேர்த்து, இரட்டித்தால் சுற்றளவு வரும் என்ற வாய்பாடு வழங்கியது; 7உம் 4உம் சேர்ந்து 11, இரட்டித்தால் 22, ஆக 7க்கு 22. வட்டத்தின் பரப்புக்கோ, வட்டத்தில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கினால் போதும் என்று கணக்கதிகாரம் கூறுகிறது. இந்த இரண்டாவது விதியைச் சற்று நிதானித்துப் பாருங்கள். பரிதியையும் விட்டத்தையும் அளந்துகொண்டவருக்கு அந்த விகிதமே தேவைப்படவில்லை. விடையோ தோராயம் இல்லாமல் முற்றிலும் சரியாக வருகிறது. பெயரோ குறியோ இல்லாதது அக்காலக் கணக்கர்களுக்கு ஒரு குறையாக இருக்கவில்லை.

ஐரோப்பாவிலும் நிலைமை வேறாக இல்லை. ‘எதனால் விட்டத்தைப் பெருக்கினால் பரிதி கிடைக்குமோ அந்த அளவு’ என்று நீண்ட இலத்தீன் தொடரால் அதைச் சுட்டினார்கள். 35 தசம இடங்கள் வரை கணக்கிட்டு 1610இல் லைடன் நகரில் மறைந்த லுடால்ஃப் வான் சூலனின் பெயரால் ‘லுடால்ஃப் எண்’ என்று ஜெர்மானியர் பின்னாளில் அதை வழங்கினார்கள். ஒவ்வொரு முறையும் முழுத் தொடரை எழுதுவது சமன்பாடுகள் பெருகிய 17ஆம் நூற்றாண்டில் பெரும் சுமையாயிற்று. குறி ஒன்று தேவைப்பட்டது.

நான்காம் படி: 1706ஆம் ஆண்டில் நிகழ்ந்ததை நிதானமாகப் படியுங்கள்

வட்டத்தின் சுற்றுக்குக் கிரேக்கத்தில் ‘பெரிபெரெய்யா’ என்று பெயர். ‘பெரி’ என்றால் சுற்றி. ‘பெரெய்ன்’ என்றால் சுமந்து செல்லுதல். சுற்றிக் கொண்டுசெல்லப்பட்ட கோடு என்பது அதன் பொருள். இச்சொல் இலத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றது. இங்கிலாந்தின் வில்லியம் ஔட்ரெட் 1647 அளவில், பரிதிக்கு அதன் கிரேக்க முதலெழுத்தான π என்றும், விட்டத்துக்கு அதன் முதலெழுத்தான δ என்றும் குறியிட்டு, இரண்டின் விகிதத்தை π/δ என்று எழுதினார். அவருடைய π ஓர் எண் அன்று, ஒரு நீளம். வட்டம் பெரிதானால் அவருடைய π பெரிதாகும். 1697இல் டேவிட் கிரிகரி பரிதிக்கும் ஆரத்துக்கும் உள்ள விகிதத்தை π/ρ என்று எழுதியபோதும் π நீளமாகவே இருந்தது.

இந்நிலையை மாற்றியவர் வில்லியம் ஜோன்ஸ். வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவில் 1675இல் பிறந்து, போர்க்கப்பல்களில் கணிதம் கற்பித்து, பின்னர் இலண்டனில் ஆசிரியராக வாழ்ந்தவர் அவர். கணிதத்தின் சாரத்தைச் சுருக்கித் தரும் நூலொன்றை 1706இல் வெளியிட்டார். அந்த நூல் தொடக்க நிலையினரின் பயனுக்காக, அவர்களுடைய திறனுக்கு ஏற்ப எழுதப்பட்டது என்று அதன் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருந்தது. அதில் ஓரிடத்தில், தம் நண்பர் ஜான் மேச்சினிடமிருந்து பெற்ற தொடரைக் கொண்டு 3.14159 என்று தொடங்கும் மதிப்பைத் தந்து, அது π என்று எழுதினார். கீழே δ இல்லை, ρ இல்லை. விட்டத்தை ஒன்று என்று எடுத்துக்கொண்டால் பரிதியின் நீளமே அந்த விகிதம் ஆகிவிடுகிறது. ஆகவே பகுதி உதிர்ந்து, தொகுதி மட்டும் எஞ்சி, நீளமாக இருந்த எழுத்து எண்ணாக மாறியது. புதியவர்களுக்கான ஒரு பாடநூலில்தான் இந்தப் பெயர் பிறந்தது என்பதை, இப்போது புதியவராக இதைப் படிப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இங்கே நம் மொழி சார்ந்த ஒரு தொடர்பு உண்டு. கிரேக்கத்தின் ‘பெரி’யும் வடமொழியின் ‘பரி’யும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்த சொற்கள்; இரண்டுக்கும் ‘சுற்றி’ என்றே பொருள். சுற்றி நிற்போரைக் குறிக்கும் ‘பரிவாரம்’ என்னும் சொல்லிலும், நீர்மூழ்கியிலிருந்து சுற்றிலும் நோக்க உதவும் ‘பெரிஸ்கோப்’ என்னும் சொல்லிலும் இருப்பது அதே முன்னொட்டுதான். நாம் வட்டத்தின் சுற்றுக்கு வழங்கும் ‘பரிதி’ வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். ‘சுற்றி வைக்கப்பட்டது’ என்பது அதன் பொருள். வேள்வித் தீயைச் சுற்றி வைக்கும் கட்டைகளுக்கும் அங்கே அதே பெயர். ஆகவே π என்னும் எழுத்து எந்தச் சொல்லின் சுருக்கமோ, அந்தச் சொல்லின் முற்பாதியும் ‘பரிதி’யின் முற்பாதியும் உடன்பிறப்புகள். ‘பரிதி’யின் முதல் ஒலிதான் π என்று நினைவில் வைத்துக்கொள்ளும் தமிழ் மாணவர், மொழியியல் நோக்கிலும் உண்மைக்கு மிக அருகில் நிற்கிறார்.

இந்த உறவை உலகறியச் சொன்னவர் யார் என்பதைக் கேட்டால் வியப்பாக இருக்கும். வடமொழிக்கும் கிரேக்கத்துக்கும் இலத்தீனுக்கும் பொதுவான ஒரு மூலம் இருந்திருக்க வேண்டும் என்று 1786ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் கல்கத்தாவின் ஆசியக் கழகத்தில் உரையாற்றிய நீதிபதி சர் வில்லியம் ஜோன்ஸ், π என்று பெயரிட்ட அதே வில்லியம் ஜோன்சின் மகன். தந்தை 1749இல் இறந்தபோது மகனுக்கு மூன்று வயதுகூட நிறைந்திருக்கவில்லை.

ஐந்தாம் படி: பெயர் நிலைபெற்றது எப்படி என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஒருவர் பெயரிட்டதும் உலகம் ஏற்றுவிடுவதில்லை. ஜோன்சின் குறியைப் பல ஆண்டுகள் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. சுவிட்சர்லாந்தில் பிறந்த கணித மேதை லெயோனார்டு ஆய்லர் கையில் எடுத்த பிறகே அது பரவியது. அவரும் உடனடியாக ஒரு முடிவுக்கு வரவில்லை. 1727 அளவில் எழுதிய ஒரு கட்டுரையில் அவருடைய π, பரிதிக்கும் ஆரத்துக்கும் உள்ள விகிதமாக, அதாவது 6.28 ஆக இருந்தது. இடையில் வேறு எழுத்துகளையும் பயன்படுத்தினார். 1736இல் வெளியான இயக்கவியல் நூலில் 3.14 என்ற பொருளில் π வந்தது. 1748இல் வெளியான பகுப்பாய்வு அறிமுக நூலுக்குப் பிறகு ஐரோப்பா முழுவதும் அதைப் பின்பற்றியது.

அரைச் சுற்றை அடிப்படையாகக் கொள்வதைவிட முழுச் சுற்றான 6.28ஐ அடிப்படையாகக் கொள்வதே இயல்பானது என்று வாதிடுவோர் இன்றும் உண்டு; அவர்கள் அதற்கு τ என்னும் எழுத்தை முன்மொழிகிறார்கள். கோணங்களைக் கற்பிக்கும்போது அவர்கள் வாதத்தில் நியாயம் இருப்பதாகவே நான் கருதுகிறேன். ஆயினும் புதியவர்கள் நூல்களில் காணப்போவது π தான். அதையே முதலில் பழகுங்கள்.

பெயர் நிலைபெற்ற பிறகுதான் எண்ணின் இயல்பும் முழுமையாக வெளிப்பட்டது. அதை இரண்டு முழு எண்களின் பின்னமாக எழுதவே முடியாது என்று லாம்பெர்ட் 1761இல் நிறுவினார். முழு எண்களைக் கெழுக்களாகக் கொண்ட எந்தப் பல்லுறுப்புச் சமன்பாட்டுக்கும் அது தீர்வாகாது என்று லிண்டெமான் 1882இல் நிறுவினார். கவராயமும் அளவுகோலும் மட்டும் கொண்டு வட்டத்துக்குச் சமப் பரப்புள்ள சதுரத்தை வரைய இயலாது என்ற முடிவு அதிலிருந்து கிடைத்தது.

ஆறாம் படி: எதிர்ப்படும் π எது என்பதைச் சூழலைக் கொண்டு கண்டறியுங்கள்

நடைமுறையில் இதுதான் மிகவும் பயன்படும் படி. முதலில் எழுத்து பெரியதா சிறியதா என்று பாருங்கள். பெரிய Π பெரும்பாலும் பெருக்கற்பலனைக் குறிக்கும். கூட்டுத்தொகைக்கு Σ நிற்பதுபோல, வரிசையாக வரும் எண்களைப் பெருக்கு என்னும் கட்டளைக்கு Π நிற்கிறது. வேதியியலில் அதே பெரிய எழுத்து சவ்வூடுபரவல் அழுத்தத்தைக் குறிப்பதும் உண்டு.

சிறிய π என்றால், அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். எண்கோட்பாட்டில் π(100) என்று வந்தால், 100 வரை எத்தனை பகா எண்கள் உள்ளன என்பது பொருள், விடை 25. π(1000) என்றால் 168. இங்கே 3.14ஐ 100ஆல் பெருக்கிவிடும் மாணவர்கள் உண்டு. ஆனால் இயற்பியல் பாடத்தில் அடைப்புக்குறிக்குள் ஆரங்களின் கூட்டல் இருந்து முன்னால் π நின்றால் அது பெருக்கல்தான். ஆகவே அடைப்புக்குறி ஓர் அடையாளம் மட்டுமே. பாடப்பொருளையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

அடுத்து, அந்தத் துறையில் பகர ஒலியில் தொடங்கும் ஆங்கிலச் சொல் ஏதேனும் அதே இடத்தில் பொருந்துகிறதா என்று தேடுங்கள். இந்த ஒரு வழி வியக்கத்தக்க அளவுக்குப் பலன் தரும். பெருக்கற்பலனுக்கு ‘புராடக்ட்’, பகா எண்ணுக்கு ‘பிரைம்’, அழுத்தத்துக்கு ‘பிரஷர்’, புள்ளியியலில் மக்கள்தொகையின் விகிதத்துக்கு ‘புரப்போர்ஷன்’, இலாபத்துக்கு ‘பிராஃபிட்’, இயந்திரக் கற்றலில் முகவரின் செயல்முறைக்கு ‘பாலிசி’. பொருளாதாரத்தில் விலைக்கு ஏற்கெனவே இலத்தீன் எழுத்து ஒதுக்கப்பட்டுவிட்டதால் இலாபம் கிரேக்க எழுத்துக்குச் சென்றது என்று எண்ணிக்கொண்டால் எளிதில் நினைவில் நிற்கும். பணவீக்க வீதத்துக்கும் அங்கே π வருவது மட்டும் இந்த விதிக்கு நேராகப் பொருந்தாது. அதைத் தனியே நினைவில் வையுங்கள்.

வேதியியலின் π பிணைப்பு சற்று வேறு வகை. எத்திலீனில் இரண்டு கரியணுக்களுக்கு இடையே உள்ள இரட்டைப் பிணைப்பில் ஒன்று σ, மற்றது π. அணுவில் எலெக்ட்ரான்களின் ஆர்பிட்டால்களுக்கு எஸ், பி என்று இலத்தீன் எழுத்துகளால் பெயரிட்டிருந்தார்கள். மூலக்கூறுக்கு வந்தபோது அவற்றுக்கு இணையான கிரேக்க எழுத்துகளான σ, π ஆகியவற்றைச் சூட்டினார்கள். துகள் இயற்பியலின் பை மீசான், 1947இல் பிரிஸ்டல் நகரில் செசில் பவலின் குழு கண்டறிந்த துகள்; அதற்கும் வட்டத்துக்கும் தொடர்பில்லை. ‘ராஸ்பெரி பை’ என்னும் சிறு கணினி 2012இல் விற்பனைக்கு வந்தது. அதன் பெயரின் பிற்பாதி பைத்தான் என்னும் நிரல்மொழியை நினைத்து இடப்பட்டது.

முக்கோணவியலில் ஒரு தனி எச்சரிக்கை தேவை. π என்றால் 180 என்று பலர் எழுதிவிடுகிறார்கள். π ரேடியன் என்பது 180 பாகைக்குச் சமம். π என்னும் எண் அங்கேயும் 3.14159தான். கணிப்பானில் கோண அலகு பாகையாக இருக்கும்போது π என்று அழுத்தி சைன் கேட்டால், 3.14 பாகையின் சைன் மதிப்பான 0.0548 என்று வரும். ரேடியனுக்கு மாற்றினால் பூச்சியம் வரும். உங்கள் கணிப்பானில் இதை ஒருமுறை செய்து பார்த்துவிட்டால் இந்தக் குழப்பம் மீண்டும் வராது.

ஏழாம் படி: வேலைக்கு ஏற்ற மதிப்பைத் தேர்ந்தெடுங்கள்

3.14ஐவிட 22/7 துல்லியம் குறைந்தது என்று பரவலாக நம்பப்படுகிறது. உண்மை நேர்மாறானது: 22/7 உண்மையான மதிப்பைவிட 0.00126 கூடுதல், 3.14 அதைவிட 0.00159 குறைவு. ஆகவே தசமத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பதற்காக 3.14ஐ உயர்வாக நினைக்க வேண்டாம். 1.4 மீட்டர் விட்டமும் 1 மீட்டர் உயரமும் உள்ள தண்ணீர்த் தொட்டிக்கு 22/7ஐப் பயன்படுத்தினால் 1,540 லிட்டர் என்று வரும். துல்லியமாகக் கணக்கிட்டால் 1,539.4 லிட்டர். வீட்டு வேலைக்கு இந்த வேறுபாடு ஒரு பொருட்டே இல்லை. அளவுகள் 7ஆல் வகுபடும்போது மனக்கணக்குக்கு 22/7 மிகவும் வசதியானது.

அதைவிடத் துல்லியம் வேண்டுமானால் சீனாவின் சூ சோங்சி 5ஆம் நூற்றாண்டில் கண்டறிந்த 355/113 இருக்கிறது. 113355 என்று எழுதி நடுவில் பிரித்தால் பகுதியும் தொகுதியும் கிடைத்துவிடும். ஆறு தசம இடங்கள் வரை சரியாக வரும். இன்னொன்று, கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசன், இந்த எண்ணின் தோராய மதிப்புகளைப் பற்றி 1914இல் வெளியிட்ட கட்டுரையில் தந்தது. 2143ஐ 22ஆல் வகுத்து, வர்க்கமூலப் பொத்தானை இருமுறை அழுத்துங்கள், 3.14159265 என்று எட்டு தசம இடங்கள் சரியாக நிற்கும். அதே கட்டுரையில் அவர் தந்த தொடர் ஒன்றைக் கொண்டு 1985இல் ஒரு கோடியே எழுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்களைக் கணினியில் கணக்கிட்டார்கள். விண்கலங்களின் பாதையைக் கணக்கிட நாசா பயன்படுத்துவது 15 தசம இடங்கள்தான். இலக்கங்களை மனப்பாடம் செய்வது தனிக் கலை; 2015இல் வேலூரில் இராஜ்வீர் மீனா 70,000 இலக்கங்களை ஒப்பித்து உலக சாதனை படைத்தார். கணக்குப் போடுவதற்கு அது தேவையில்லை.

எட்டாம் படி: எழுத்தைச் சரியாகத் தட்டச்சு செய்யுங்கள்

ஆண்ட்ராய்டு கைபேசியின் கூகுள் விசைப்பலகையில் எண்களுக்கான பக்கத்துக்குச் சென்று, அங்கிருந்து கூடுதல் குறிகளுக்கான பக்கத்தைத் திறந்தால் π இருக்கும். ஐபோனில் கிரேக்க விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் கணினியில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு வலப்புற எண்பலகையில் 227 என்று தட்டலாம். மேக் கணினியில் ஆப்ஷன் விசையுடன் ஆங்கிலப் பி எழுத்தை அழுத்தினால் போதும். இணையப் பக்கங்களுக்கு நிரல் எழுதுவோர் π என்று இடலாம்; யூனிகோடில் அதன் இடம் 960. கையால் எழுதும்போது மேற்கோட்டை இருபுறமும் சற்று நீட்டி எழுதுங்கள். இல்லாவிட்டால் விடைத்தாள் திருத்துபவருக்கு அது ஆங்கில ‘என்’ எழுத்தாகத் தோன்றும்.

இறுதியாக ஒரு பயிற்சி

பின்வரும் பெருக்கலைப் பாருங்கள்: 2/1 × 2/3 × 4/3 × 4/5 × 6/5 × 6/7 என்று முடிவில்லாமல் தொடர்வது. ஜான் வாலிஸ் 1656இல் வெளியிட்ட இதை இன்றைய நூல்கள் பெரிய Π இட்டு இடப்பக்கத்திலும், π/2 என்று வலப்பக்கத்திலும் எழுதுகின்றன. ஒரே வரியில் இரண்டு வடிவங்களும் வருகின்றன: இடப்பக்கத்துப் பெரிய எழுத்து ‘பெருக்கு’ என்கிறது, வலப்பக்கத்துச் சிறிய எழுத்து பரிதியின் விகிதம். வாலிஸ் வாழ்ந்த காலத்தில் இந்தப் பெயர் இல்லாததால், 4/π என்பதற்கு அவர் ஒரு சிறிய சதுரத்தைக் குறியாக வைத்திருந்தார். கணிப்பானை எடுத்து ஒவ்வோர் உறுப்பாகப் பெருக்கிச் செல்லுங்கள். விடைகள் 2, 1.333, 1.778, 1.422, 1.707, 1.463 என்று மேலும் கீழுமாக ஊசலாடி, மிக மெதுவாக 1.5708ஐ நோக்கி நெருங்கும். இருபது உறுப்புகள் வரை பெருக்கி, அடுத்தடுத்து வரும் இரண்டு விடைகளின் சராசரியை எடுத்து இரட்டித்தால், இரண்டாம் படியில் நூலால் அளந்து பெற்ற எண்ணுடன் அதை நீங்கள் ஒப்பிடலாம்.